நீலகண்டன் பேருக்கு வந்த மொய்

அன்றைக்கு அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எட்டுப் பேர். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். அவருக்கு இடப்பக்கம், உறுப்பினர் என்று உட்கார்த்தி வைத்திருந்த ஒரு வக்கீல். கடைசி வரை அவர் வாய் திறந்தது கொட்டாவிக்கு மட்டும்தான். எதிரே வங்கியின் வக்கீல். அவர் பக்கத்தில் மடிக்கணினியோடு வங்கி அதிகாரி, மீசை அரும்பி இரண்டு வருடம்கூட இருக்காது. இந்தப் பக்கம் இலவச சட்ட உதவி வக்கீல் மங்கையர்க்கரசி அம்மாள். அப்புறம் என் அக்கா மகன் நீலகண்டன், அவன் மனைவி செவந்தி, நான். தேநீர் கொண்டுவந்த ஆளை நான் சேர்க்கவில்லை. அவன் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இந்த எட்டுப் பேரில் கணக்குத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, தம்பி. நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவனும் இல்லை. பேராவூரணியில் பேருந்து ஏறியதிலிருந்து பார்க்கிறேன், உங்கள் போன் அடிக்கிறது, நீங்கள் எண்ணைப் பார்க்கிறீர்கள், அணைக்கிறீர்கள். மடியில் வைத்திருக்கிறீர்களே ஒரு உறை, விலாசம் தெரிகிற மாதிரி கண்ணாடித்தாள் ஒட்டியது, அதை எனக்குத் தெரியும். நீலகண்டன் வீட்டுக்கு அது ஏழு வந்தது. அதனால்தான் சொல்கிறேன். கேட்டால் கேளுங்கள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. நானும் முகத்தைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் உள்ளவன் இல்லை.

நீலகண்டன் குட்டியானை ஓட்டுகிறவன். தேங்காய் ஏற்றுவான், உரமூட்டை ஏற்றுவான், கல்யாணத்துக்குப் பாத்திரம் ஏற்றுவான். அந்த வண்டிதான் அவன் வீட்டுச் சோறு. புயல் அடித்துத் தென்னை எல்லாம் விழுந்த வருடம், பேருந்து நிலையத்தில் பெரிய குடை ஒன்றை விரித்து, அதன் கீழே கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு பையன்கள் உட்கார்ந்து கடன் அட்டை கொடுத்தார்கள். ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரம் அது. இவன் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். கூடவே சேமிப்புக் கணக்கு ஒன்றும் தொடங்கிக் கொடுத்து, ஒரு பேனாவும் கொடுத்தார்களாம். பேனாவை என்னிடம் காட்டினான். நான் சொன்னேன், "பேனா குடுக்குறவன் கையெழுத்து வாங்கத்தான்டா குடுப்பான்." சிரித்தான். சிரிப்பதற்கு அவனுக்குக் காரணமே வேண்டாம்.

அட்டையில் டயர் வாங்கினான், குத்தகைத் தோப்புக்கு மோட்டார் வாங்கினான், தென்னங்கன்று வாங்கி நட்டான். எல்லாம் சேர்த்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். மாதா மாதம் "குறைந்தபட்சத் தொகை" என்று ஒன்று போட்டு அனுப்புவார்கள், அதைக் கட்டினான். ஒரு வருடத்துக்கு மேல் கட்டினான். கட்டியது அத்தனையும் வட்டிக்குப் போனது, அசல் வைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. பத்தாவது வரை படித்தவன், பள்ளிக்கூடத்தில் கணக்கில் எண்பது வாங்கியவன். நான் ஐந்தாவதோடு நின்றவன். இந்தப் படிப்பைப் பற்றி என் அபிப்பிராயத்தை நான் சொல்ல வேண்டாம்.

அப்புறம் கொரோனா வந்தது, வண்டி நின்றது, கட்டுவதையும் நிறுத்தினான். நிறுத்தியதும் போன். போன் எடுக்காவிட்டால் ஆள்.

ஆள் வந்த அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். ஒரே மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். வாசலில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார்கள்.

"நாங்க கோர்ட்டுலேருந்து வர்றோம். நாளைக்குள்ள கட்டலேன்னா போலீஸ் வரும். ஜெயிலு!"

செவந்தி உள்ளேயிருந்து வந்தாள். கையில் அகப்பை. "கோர்ட்டுலேருந்தா வர்றீக? ரொம்ப தூரம்ல. ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் குடிச்சிட்டு அப்புறமா ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் வர்றேன், அங்க மூணு வேளை சோறு போடுறாகளாம்."

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பையன்களில் ஒருவனும் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுப் பெண் வாசலில் நின்று வாயடிப்பது எனக்குப் பிடிக்காது. அவள் வாய் நீளம் என்று கல்யாணம் பேசும்போதே நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

உங்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன், தம்பி. ஜெயில் என்று சொன்னால் பயப்படாதீர்கள். அட்டைக் கடனைக் கட்ட முடியாமல் போனதற்காக யாரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போகாது. பொய்க் காகிதம் கொடுத்து வாங்கியிருந்தால், கொடுத்த காசோலை திரும்பியிருந்தால், அது வேறு சங்கதி. மற்றபடி இது சிவில் வழக்கு. நோட்டீஸ் வரும். வழக்குப் போடுவார்கள். நீங்கள் போகாமல் வீட்டில் ஒளிந்துகொண்டால் ஒருதலையாகத் தீர்ப்பு வரும். தீர்ப்பு வந்தால் ஜப்தி. சொத்து என்று கண்ணில் படுவதை எடுப்பார்கள். நீலகண்டனுக்குக் கண்ணில் படுகிற சொத்து அந்த வண்டி ஒன்றுதான். இதையெல்லாம் மங்கையர்க்கரசி அம்மாள் சொன்னார். நல்ல அம்மாள். ஆனால் வேகமாகப் பேசுவார். நான் எழுதிக்கொள்வதற்குள் அடுத்ததற்குப் போய்விடுவார். நடுவில் சேமிப்புக் கணக்கைப் பற்றி நீலகண்டனிடம் ஏதோ சொன்னார். அப்போது என் பேனாவில் மை தீர்ந்திருந்தது.

மக்கள் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்தது ஆடி மாதம். அதுவரை வட்டியும் அபராதமும் சேர்ந்து பாக்கி இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரத்து நானூற்று அறுபது ஆகியிருந்தது. அந்த அம்மாள் வங்கியோடு பேசி, ஒரே தவணையாக ஒரு லட்சத்து முப்பதாயிரம் கட்டினால் முழுக்கணக்கும் தீர்ந்தது என்று ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தார். ஆவணிக் கடைசியில் வருகிற சனிக்கிழமை, மக்கள் நீதிமன்றம் கூடுகிற நாளுக்குள் கட்ட வேண்டும். அட்டைக் கணக்கில் கட்ட வேண்டும். தவறினால் சலுகை கிடையாது, வழக்கு.

ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு எங்கே போவது? வண்டியை விற்கலாம் என்றான் மடையன். எந்த வண்டிக்கு ஆபத்து வரக் கூடாது என்று இவ்வளவும் பார்க்கிறோமோ, அந்த வண்டியை விற்று!

நான்தான் வழி சொன்னேன். "விருந்து வையிடா."

உங்கள் ஊரில் மொய் விருந்து உண்டா? இல்லையா? எங்கள் பக்கம் ஆடி, ஆவணி இரண்டு மாதமும் அதுதான். கல்யாணம், காதுகுத்து என்று காரணம் ஒன்றும் வேண்டாம். பணம் வேண்டும் என்றால் பத்திரிகை அடித்து, கறி விருந்து போட வேண்டும். நாலு வீடு, ஐந்து வீடு சேர்ந்து ஒரே பந்தலில் வைத்துச் செலவைப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மேசை, ஒரு நோட்டு, ஒரு குடம். சாப்பிட்டுவிட்டு வந்து மொய் எழுதுவார்கள். விருந்து வைக்கிறவன் இதற்கு முன்னால் யார் யாருக்கு எழுதியிருக்கிறானோ அவர்கள் அதைத் திருப்புவார்கள், மேலே கொஞ்சம் புதிதாகவும் வைப்பார்கள். புதிதாக வைத்ததை, அவர்கள் விருந்து வைக்கும்போது இவன் திருப்ப வேண்டும். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, வட்டி கிடையாது. நாற்பது வருடமாக நான் மொய் எழுதுகிறேன். என் பேர் அடைக்கலம்; அடைக்கலம் எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்காது என்று நாடியம் வரைக்கும் பேர்.

செவந்திக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனா, பெரியப்பா?"

நான் அவனுக்குத் தாய்மாமன், அவளுக்குப் பெரியப்பா முறை.

"மொய் கடன் இல்லம்மா. மொய்ங்கிறது மொய்."

"திருப்பிக் குடுக்கணும்ல?"

"குடுக்கணும்."

"குடுக்கலேன்னா?"

"குடுக்காம எவனும் இருந்ததில்ல. இருந்தா, அடுத்த விருந்துல பேரைச் சொல்லி மைக்குல படிப்போம். அப்புறம் அவன் அந்த ஊருல தலை காட்ட முடியாது."

"அப்ப வங்கிக்காரங்களே தேவலாம். அவங்க மைக்கு வைக்கல, மோட்டார் சைக்கிள்தான் வச்சிருந்தாங்க" என்றாள்.

வாயைப் பார்த்தீர்களா? வங்கி என்ன, மொய் என்ன? வங்கிக்குச் சட்டம் வேண்டும், கோர்ட்டு வேண்டும், வக்கீல் வேண்டும். எங்களுக்கு ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும். எங்களைப் பார்த்து அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆவணி மூன்றாவது ஞாயிறு விருந்து. நாலு வீடு சேர்ந்து வைத்தார்கள். நீலகண்டன் பங்குச் செலவு ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம். அதில் முக்கால்வாசி பஷீர் பாய்க்குப் போக வேண்டிய கறிக்காசு. மீதி பந்தல், அரிசி, சமையல் கூலி. எல்லாம் கடனாகச் சொன்னது. விருந்து முடிந்து ஒரு வாரத்துக்குள் கொடுப்பது வழக்கம்.

விருந்தில் ஒரு முறை உண்டு, தம்பி. விருந்து வைக்கிறவன் வாசலில் கை கூப்பி நிற்க வேண்டும். வருகிறவரைக் கூப்பிட வேண்டும், போகிறவரை அனுப்ப வேண்டும். கடைசி ஆள் போகிற வரை மொய் மேசைப் பக்கம் வரவே கூடாது. தன் பணத்தைத் தானே எட்டிப் பார்த்தால் கேவலம். மேசையில் தாய்மாமன் உட்கார வேண்டும். முறைப்படி நான் உட்கார்ந்தேன். முறைப்படி அவன் வாசலில் நின்றான்.

இந்த வருடம் ஒரு புதுக் கூத்து. வங்கிக்காரர்களே பந்தலுக்குள் வந்து கடை போட்டிருந்தார்கள். நோட்டு எண்ணுகிற இயந்திரத்தை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், "அங்கேயே எண்ணி, அங்கேயே கணக்கில் போடலாம்" என்று பதாகை. அட்டை கொடுத்த அதே வங்கிதான். அதே நிறக் குடை. நான் முதலில் சிரித்தேன். என்னைவிட அந்த இயந்திரம் எண்ணிவிடுமா? எண்ணட்டும் என்று விட்டேன். நான் எண்ணி முடித்து மூன்று லட்சத்து நாலாயிரத்து ஐந்நூற்றுப் பத்து என்று எழுதிவிட்டுக் குடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இயந்திரம் மூன்று லட்சத்து நாலாயிரத்து ஐந்நூறு என்றது. கிழிந்த பத்து ரூபாய் ஒன்றை அது துப்பிவிட்டது. "உங்க மிஷினுக்குக் கண்ணு தெரியல" என்றேன். இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த வங்கிப் பையன் அந்தப் பத்தைக் கையால் எண்ணிச் சேர்த்தான். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அப்போதுதான் செவந்தி ஓடி வந்தாள். கறி பரிமாறிய கை. சேலையில் துடைத்துக்கொண்டே ஒரு கணக்குப் புத்தகத்தை நீட்டினாள். கூட்டுறவு வங்கியில் அவள் பேரில் இருப்பது.

"பெரியப்பா, இங்க போடாதீங்க. குடத்துலயே இருக்கட்டும். காலையில நான் கொண்டுபோயி சொசைட்டியில கட்டிட்டு, அப்புறம் அட்டைக்குப் பிரிச்சுக் கட்டிருவோம்."

"உன் பேருலயா?"

"என் பேருல இருந்தா என்ன?"

"மொய் யாரு பேருல எழுதியிருக்கு?"

"அவுக பேருல."

"அப்ப பணம் யாரு பேருக்குப் போவணும்?"

"அதில்ல பெரியப்பா, அந்த வக்கீலம்மா சொன்னாங்க, இந்த வங்கியில அவுக பேருல இருக்குற கணக்கைத் தொடவே கூடாதாம்…"

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். சுற்றிலும் மற்ற மூன்று வீட்டு மேசைக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாற்பது வருடத்தில், விருந்து வைத்தவன் பேருக்கு வந்த மொய்யை அவன் பெண்டாட்டி கணக்கில் போட்டான் அடைக்கலம் என்று நாளைக்கு ஒருத்தன் சொன்னால்? "உள்ள போம்மா. இலை போட்டாச்சு, கூலியாளுக பந்தி காத்துக்கிட்டிருக்கு" என்றேன். புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். போய்விட்டாள்.

அவனைக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அவன் வாசலில் நிற்கிறான். நடுவில் ஆயிரத்தைந்நூறு பேர். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் எல்லோரும் பார்க்க நடந்துபோய், அவன் காதில் பேசி, திரும்பவும் எல்லோரும் பார்க்க நடந்து வர வேண்டும். அது எனக்குப் பழக்கமில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவன் பேர், அவன் பணம். போன் எண்ணைச் சொன்னதும் அந்தப் பையன் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டான். "ரொம்ப நாளா காலியா இருக்குங்கய்யா" என்றான். "இனிமே இருக்காது" என்றேன். ரசீது வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். ஒரு பைசா பிசகவில்லை.

திங்கள் காலை பத்தரை மணி இருக்கும். நீலகண்டன் வண்டியில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தான். போனில் செய்தி வந்தது. பார்த்தான். வண்டியின் பின்பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, பணத்தை எங்க போட்டீங்க?"

"எங்க போடுவாக? உன் பேருக்குத்தான் போட்டேன்."

"என் பேருக்கா" என்றான். அவ்வளவுதான். மூன்று லட்சம் எண்ணி, எழுதி, பத்திரமாகப் போட்டுக் கொடுத்தவனிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

விஷயம் என்னவென்றால், தம்பி, கடனும் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால், கணக்கில் விழுகிற பணத்தை அவர்கள் கடனுக்கு ஈடாக எடுத்துக்கொள்ளலாமாம். அட்டை வாங்கும்போதே அதற்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்களாம். அந்தப் பேனா எதற்கு என்று இப்போது தெரிகிறதா? சலுகைக் கடிதத்தைப் பார்க்கவில்லை, ஒரு லட்சத்து முப்பதாயிரத்தைப் பார்க்கவில்லை. முழுப் பாக்கியையும், இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரத்து நானூற்று அறுபதையும், வாரி எடுத்துக்கொண்டார்கள். கணக்கில் விட்டு வைத்தது பதினேழாயிரத்து ஐம்பது. இப்படி ஒன்று இருக்கிறது என்று யாராவது என்னிடம் சொன்னார்களா? ஒருத்தரும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை பட்டுக்கோட்டை கோர்ட்டு வளாகத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்தது இதற்குத்தான்.

வங்கி வக்கீல் எழுந்திருக்கக்கூட இல்லை. "ஐயா, பாக்கியே இல்லை. முழுசா வசூல் ஆயிடுச்சு. தீர்த்துக்க ஒண்ணுமில்ல" என்றார், மாம்பழம் விலை சொல்கிற மாதிரி.

மங்கையர்க்கரசி அம்மாள் கடிதத்தை எடுத்து நீட்டினார். "இன்னிக்கு வரைக்கும் அவகாசம் குடுத்துட்டு, அஞ்சு நாள் முன்னாடியே முழுத் தொகையையும் எடுத்தா என்ன நியாயம்?"

"கடிதத்துல அட்டைக் கணக்குல கட்டணும்னு இருக்கு. இவங்க சேமிப்புக் கணக்குல போட்டிருக்காங்க. சிஸ்டம் எடுத்துக்கிச்சு. நாங்க யாரும் கை வைக்கல."

கை வைக்கவில்லையாம். இயந்திரம் செய்தால் பாவமில்லை. கிழிந்த பத்து ரூபாயைப் பார்க்கத் தெரியாத இயந்திரம், இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரத்தை எப்படிக் கண்டுபிடித்தது என்று நான் கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. அந்த மாதிரி இடங்களில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இது ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் முடிக்கிற இடம். வங்கியை நான் கட்டாயப்படுத்த முடியாது. வேணும்னா ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்க, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்க" என்றார். பிறகு நீலகண்டனைப் பார்த்தார். "ஏம்ப்பா, கடன் இருக்குற வங்கியிலேயே கொண்டுபோயி யாருப்பா பணத்தைப் போட்டது?"

நீலகண்டன் மேசையைப் பார்த்தான். செவந்தி கூரையைப் பார்த்தாள். மங்கையர்க்கரசி அம்மாள் என்னைப் பார்த்தார். கொட்டாவிக்காரர்கூட என்னைப் பார்த்தார்.

அதற்கு மட்டும் எனக்கு நாக்கு வந்தது. எழுந்து, சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்து, மடிப்பைப் பிரித்து நீதிபதி முன்னால் வைத்தேன். "நான்தான்யா போட்டேன். மூணு லட்சத்து நாலாயிரத்து ஐந்நூத்திப் பத்து. ஒரு பைசா குறையாது."

நீதிபதி ரசீதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதை அவரே திரும்ப மடித்து என் கையில் கொடுத்து, "உட்காருங்க பெரியவரே" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் என் ரசீதில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் அந்த அம்மாள் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம் என்று சொன்னார். நீலகண்டன், "வேணாங்கம்மா, போதும்" என்றான். இந்தப் போதும் என்கிற வார்த்தையில்தான் இந்தத் தலைமுறை கெட்டது. நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

பஷீர் பாய் நல்ல மனிதர்தான். அடுத்த திங்கட்கிழமை வந்து சங்கடத்தோடு நின்றார். "மாப்ளே, எனக்கு ஆட்டுக்காரன் நெருக்குறான். இல்லேன்னா கேப்பனா?" பந்தல்காரன் கேட்டான், சமையல்காரன் கேட்டான். ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்தில், கணக்கிலிருந்து எடுத்த பதினேழாயிரத்து ஐம்பது போக, ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது? கேட்கக்கூடிய அத்தனை பேரும் வந்து சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுப் போய்விட்டார்களே.

வண்டியை விற்றான். ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம். அறந்தாங்கியிலிருந்து ஒருத்தன் வந்து ஓட்டிக்கொண்டு போனான். தெருமுனை திரும்புகிற வரை நீலகண்டன் சாவி கொடுத்த கையைக் கீழே இறக்கவே இல்லை. செவந்தி பார்க்கவில்லை, உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தேன். கறி, பந்தல், அரிசி, கூலி. யாருக்கும் ஒரு ரூபாய் கூடவுமில்லை, குறையவுமில்லை. கடைசியில் ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்று மிஞ்சியது. கணக்கு அவ்வளவு கச்சிதம். அதை செவந்தியிடம் கொடுத்தேன், அது அவள் வீட்டுப் பணம். அவள் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் கையிலேயே வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"இது உங்களுக்குத்தான், பெரியப்பா. எழுத்துக்கூலி."

நான் சொந்தத்தில் கூலி வாங்கியதில்லை. வேண்டாம் என்றேன்.

"இல்ல, வச்சுக்குங்க. நீங்க எழுதினதுக்கு இதாவது குடுக்க வேணாமா?"

என்ன இருந்தாலும் மரியாதை தெரிந்தவள். நான் அவளைக் கொஞ்சம் தப்பாகத்தான் எடை போட்டுவிட்டேன் போலிருக்கிறது. அதற்கப்புறம் என் முன்னால் அவள் வாயே திறப்பதில்லை. நான் போனால் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். முன்னால் எல்லாம் எவ்வளவு பேச்சு! பெரியவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இப்போதாவது தெரிந்ததே.

நீலகண்டன் தேங்காய் மண்டியில் கூலிக்கு உரிக்கிறான். அடுத்த ஆவணியில் மூன்று வீட்டு விருந்துக்கு அவன் மொய் திருப்ப வேண்டும். அதில் ஒன்று என் வீடு. நான் ஐந்நூற்றொன்று எழுதியிருக்கிறேன். உரித்தாவது கொடுத்துவிடுவான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்த ஆவணிக் கடைசி ஞாயிற்றில் இரண்டு வீட்டுக்காரர்கள் என்னைக் கூப்பிடாமல் வேறு ஆளை மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். கணினியாம். கேட்டால் காலம் மாறிவிட்டது என்கிறார்கள்.

இப்போது நான் எங்கே போகிறேன் என்று கேட்டீர்களா? கேட்கவில்லையா? சரி. அந்த வங்கிக்குத்தான். பணத்தை வாரி எடுத்தார்களே தவிர, பாக்கி இல்லை என்று ஒரு சான்று இன்னும் கொடுக்கவில்லை. அந்தக் காகிதம் கையில் இல்லாவிட்டால் நாளைக்கு வேறு ஒருத்தன் மோட்டார் சைக்கிளில் வந்து, பாக்கி இருக்கிறது என்று நிற்பான். நீலகண்டன் பேரும் கடன் கட்டாதவர்கள் பட்டியலில் அப்படியே கிடக்கும். திரும்ப ஒரு வண்டி வாங்கக் கடன் கேட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நீலகண்டன் போக மாட்டான். செவந்தி அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள். யாராவது போக வேண்டுமே. நான்கு முறை போய்விட்டேன். அந்த மீசைப் பையன் என்னைக் கண்டால் மடிக்கணினிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்கிறான். நான் ஒன்றும் பேசுவதில்லை. அவன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். மத்தியானம் அவன் சாப்பிடப் போவான், வருவான், நான் உட்கார்ந்திருப்பேன். கடை மூடுகிற நேரத்துக்கு எழுந்து வந்துவிடுவேன். இன்றைக்கும் உட்காருவேன். வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்.

முன்னால் எல்லாம் பட்டுக்கோட்டை என்றால் நீலகண்டன் வண்டியில்தான் வருவேன். முன்னிருக்கையில், ஜன்னலோரம். காசு கேட்க மாட்டான். போன நான்கு முறையும் என் சொந்தக் காசில் வந்தேன். இன்றைக்குச் சட்டைப்பையைத் தடவினேன், செவந்தி கொடுத்த அந்த நோட்டுதான் இருந்தது. நடத்துனரிடம் அதைத்தான் கொடுத்தேன்.

மறுபடியும் உங்கள் போன் அடிக்கிறது, பாருங்கள். எடுங்கள், தம்பி. எடுத்து, எழுத்தில் அனுப்பு என்று சொல்லுங்கள். உங்கள் பேரில் அந்த வங்கியில் கணக்கு ஏதும் இருந்தால் அதில் பணம் போடாதீர்கள். என்னைப் போல விவரம் தெரிந்தவன் ஒருத்தன் பக்கத்தில் இருந்தால் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவான்.

ஐம்பதில் டிக்கெட் இருபத்து மூன்று. திரும்பி வர இருபத்து மூன்று. தேநீர் பன்னிரண்டு, அது வேண்டியதில்லை. மிச்சம் நாலு ரூபாய்.